1994 மாருதி 800-க்கு வேறு எஞ்சின் இறக்கலாமா? அப்பாவின் வண்டி, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம்_94 கேட்டது:

வணக்கம். வீட்டில் 1994 மாடல் மாருதி 800 ஒன்று நிற்கிறது. வெள்ளை நிறம், கார்ப்பரேட்டர் வண்டி, நான்கு கியர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். அதற்குப் பத்து வருடம் முன்பே பதிவான வண்டி என்பதால் நம்பர் இன்னும் தருமபுரி டிஎன் 29 தான். அப்பா 1999-ல் இதை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். மாங்காய் சீசன் வந்தால் பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு மண்டிக்குக் கூடை ஏற்றுவார். என் தங்கை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இதில்தான். அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லி உறவில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை.

நடந்தது இதுதான். போன சித்திரையில் சேலத்தில் ஒரு கல்யாணம். திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முன்னால் லாரி வரிசை. உச்சி வெயில், இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தோம். டெம்பரேச்சர் முள் மேலே போனதை நான் கவனிக்கவில்லை. எஞ்சின் சத்தம் மாறியது, இழுவை போனது, அப்புறம்தான் ஓரம் கட்டினேன். பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. அரை மணி நேரம் ஆறவிட்டு, கேனில் இருந்த தண்ணீரை ஊற்றி மறுபடி ஸ்டார்ட் செய்து ஓட்டினேன். அதைச் செய்திருக்கவே கூடாது என்று இப்போது தெரிகிறது.

மெக்கானிக் ஹெட்டை இறக்கிக் காட்டினார். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் எரிந்திருக்கிறது, ஹெட் வளைந்திருக்கிறது. இரண்டாவது சிலிண்டரில் பிஸ்டன் உரசி ஆழமாகக் கோடு விழுந்திருக்கிறது. அதே இடத்தில் பிளாக்கின் மேல்முகத்தில் மயிரிழை போல ஒரு விரிசலும் தெரிகிறது. வேறு எஞ்சின் போடுவதுதான் வழி என்கிறார். விசாரித்ததில் மூன்று வழி தெரிகிறது.

சேலத்தில் வண்டி உடைக்கும் ஒரு கடையில் 800 எஞ்சின் இருக்கிறது, 18,000 ரூபாய் சொல்கிறார்கள், பில் கிடையாதாம். இன்னொரு இடத்தில் ஆம்னி எஞ்சின் 15,000. மூன்றாவதாக, நண்பர் ஒருவர் ஆல்டோ எஞ்சினை வயரிங்கோடு 30,000-க்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எதை எடுப்பது? வாங்கும் முன் எதைப் பார்ப்பது? ஆர்.சி.யில் பிரச்சினை வருமா? 2024-ல்தான் 5,000 ரூபாய் கட்டிப் பதிவைப் புதுப்பித்தேன், 2029 வரை இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

அரூர்_வேகம் பதில்:

ஆல்டோ எஞ்சினையே போடுங்க ப்ரோ. அதே 796 சிசி, ஆனால் சிலிண்டருக்கு நான்கு வால்வு, மொத்தம் 12. உங்கள் 800-ல் இருக்கும் எஃப்8பி எஞ்சினில் ஆறுதான். எம்.பி.எஃப்.ஐ., அதாவது கார்ப்பரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை என்பதால் காலையில் சோக் இழுக்கிற வேலை இல்லை. 650 கிலோ சுமாரான பாடியில் அது பறக்கும். செலவோடு செலவாக நல்லதாகவே செய்துவிடுங்கள்.

காரிமங்கலம் பட்டறை பதில்:

தம்பி, எந்த எஞ்சின் என்பதை அப்புறம் பேசலாம். பழையது ஏன் செத்தது? தொப்பூரில் செத்தது என்று எழுதியிருக்கிறீர்கள், காரணத்தை எழுதவில்லை. நல்ல நிலையில் இருக்கும் 800 நான்கு பேரோடு அந்த ஏற்றத்தை ஏறிவிடும். எத்தனையோ வண்டி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ரேடியேட்டரில் இத்தனை வருடம் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்? வீட்டு போர் தண்ணீர் என்றால் பாதிக் காரணம் அதிலேயே இருக்கிறது. நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல் கறையாகி எலும்பு வளைந்த பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அது ஃப்ளோரைடு சமாச்சாரம். ரேடியேட்டரைக் கெடுப்பது கால்சியம், மக்னீசியம் உப்பு. தண்ணீர் சூடானதும் குழாய்க்குள் சுண்ணாம்பாகப் படியும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதேதான். எஞ்சினுக்குள் தண்ணீர் சுற்றும் வாட்டர் ஜாக்கெட்டிலும் அப்படிப் படியும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில், வெயிலில், வேகமில்லாமல் முக்கும்போதுதான் தெரியும்.

இதை நான் அடிபட்டுக் கற்றவன். 1996-ல் தனியாகப் பட்டறை போட்ட புதிது. ஒரு பத்மினிக்கு வேறு எஞ்சின் இறக்கினேன், 1089 சிசி, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் நிற்கும் அழுத்தம், அருமையாக இருந்தது. ரேடியேட்டரை ஹோஸ் பைப்பில் அலசிவிட்டு அப்படியே மாட்டிக் கொடுத்தேன். இரண்டே மாதம். பாலக்கோடு ரோட்டில் அதே மாதிரி கேஸ்கெட் போய் நின்றுவிட்டது. வண்டிக்காரர் பாக்கு வியாபாரி, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எஞ்சின் விலையில் பாதியை நான் போட்டேன். அன்றிலிருந்து எந்த எஞ்சினை இறக்கினாலும் முதலில் ரேடியேட்டரைத்தான் கையில் எடுப்பேன்.

அதனால் எஞ்சின் வாங்கும் முன் நான்கு விஷயம் பாருங்கள். ரேடியேட்டரைக் கழற்றி, டேங்க் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பாதிக் குழாய் அடைத்திருந்தால் புதிதே வாங்குங்கள். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள், எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. வண்டி சூடானால் அதைப் பிடுங்கி எறிகிற பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது, எனக்கு அது பிடிக்காது. அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் குடிக்கும், சிலிண்டர் போர் தேயும். நூலில் கட்டிச் சுடுதண்ணீரில் தொங்கவிடுங்கள், கொதிக்கும் முன்பே வாய் திறக்க வேண்டும். மூன்றாவது ஃபேன். உங்கள் வண்டியில் கரண்ட் ஃபேன்தான், சூட்டு சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் சுற்றாது. வண்டியை நிறுத்தி ஓடவிட்டால் தானாகச் சுற்ற ஆரம்பிக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? நான்காவது ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் வெடித்திருந்தால் பிரஷர் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்.

இனி எஞ்சின். விரிசல் போருக்குள் மட்டும் இருந்திருந்தால் லேத்தில் ஸ்லீவ் அடித்து உங்கள் பிளாக்கையே காப்பாற்றச் சொல்லியிருப்பேன், நம்பரும் மாறாது. மேல்முகம் வரை வந்துவிட்டது என்கிறீர்கள், அதை நம்பித் திரும்பத் தொப்பூர் ஏற வேண்டாம்.

ஆல்டோ எஞ்சின் நல்ல எஞ்சின்தான், அரூர் தம்பி சொல்வது பொய்யில்லை. ஆனால் அது எஃப்8டி. அதற்கு கம்ப்யூட்டர், சென்சார்கள், முழு வயரிங், டேங்குக்குள் பெட்ரோல் பம்ப் எல்லாம் வேண்டும். உங்களுடையதில் பம்ப் எஞ்சினோடு சேர்ந்த மெக்கானிக்கல் பம்ப். டேங்கிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிய பிறகு ஒருநாள் ராயக்கோட்டை பக்கம் இருட்டில் நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? கார்ப்பரேட்டரை எந்த ஊரிலும் ஒருவர் பிரித்துச் சுத்தம் செய்துவிடுவார்.

ஆம்னியும் எஃப்8பி-தான். ஆனால் அதில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் இருந்து பின்சக்கரத்தை ஓட்டும். 800-ல் குறுக்குவாக்கில் இருந்து முன்சக்கரத்தை ஓட்டும். அதனால் மவுண்ட் பிராக்கெட், சம்ப், மேனிஃபோல்ட், தண்ணீர்க் குழாய் இவற்றையெல்லாம் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஒத்துவராததற்கு உங்கள் பழைய சாமானையே மாட்ட வேண்டும். இன்னொன்று, ஆம்னிகள் நிறைய காஸில் ஓடியவை. வால்வு சீட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். 800-ல் இருந்து இறக்கிய எஞ்சின் கிடைத்தால் மூவாயிரம் கூடக் கொடுத்தாலும் அதுதான் லாபம்.

ஓசூர்_தரப்பிரிவு பதில்:

அண்ணா, நான் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப்பரிசோதனையில் இருக்கிறேன். பட்டறைக்கார அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வாங்கும் முன் கம்ப்ரஷன் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கேஜ் விலை அதிகமில்லை, சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேஜை நம்பிப் போவதைவிட அது மேல்.

எஞ்சினை ஸ்டாண்டில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சூடானதும் மூன்று பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, முள் நிற்கும் வரை செல்ஃப் அடித்து ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் நடுவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கலாம்.

அப்புறம் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால்கோவா மாதிரி வெளுத்த பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். தேய்மானத்தைவிட எனக்குப் பயம் இதில்தான். போர் தேய்ந்திருந்தால் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு மீட்டுவிடலாம். தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடிய பேரிங்கை வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஓடும்போது நீலப்புகை ஆயில் எரிவது. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப்புகை தண்ணீர் எரிவது.

தருமபுரி_படிவம் பதில்:

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபது வருடமாக ஆர்.டி.ஓ. அலுவலக வேலைதான் பார்க்கிறேன். பில் இல்லாத எஞ்சினைத் தொடவே தொடாதீர்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்கிறது என்றால், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆல்டோ எஞ்சின் போட்டால் இதில்தான் சிக்கிக்கொள்வீர்கள். அதே மேக், அதே டைப் எஞ்சின் என்றால் வழி இருக்கிறது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு போய்த் தெரிவித்து, கட்டணம் கட்டிப் புது எஞ்சின் நம்பரை ஏற்றுங்கள். எஞ்சினைக் கழற்றி எடுத்த வண்டியின் ஆர்.சி. நகல், விற்றவர் கையெழுத்துப் போட்ட கடிதம், பில் மூன்றும் கையில் இருக்கட்டும். வாங்கும் முன் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் பக்கத்தில் அந்த நம்பர் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நம்பர் ஏறியதும் இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு விபத்து வந்தால் க்ளெய்மில் அலைய விடுவார்கள்.

உங்கள் பழைய நம்பரை இந்த பிளாக்கில் குத்தித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். அது குற்றம். அப்படிச் சொன்ன கடையில் நிற்காதீர்கள்.

காவேரிப்பட்டணம்_94, ஆறு வாரம் கழித்து:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பட்டறை அண்ணா கேட்ட கேள்வியை அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். வண்டி வாங்கியதிலிருந்து ரேடியேட்டருக்குத் தோட்டத்துப் போர் தண்ணீர்தானாம். அப்பாவே குடத்தில் கொண்டுவந்து ஊற்றுவாராம், வண்டிக்கும் தாகம் எடுக்கும் என்று சொல்லிக்கொண்டே. ரேடியேட்டரின் மேல் டேங்கைப் பிரித்தபோது குழாய் வாய்கள் பாதிக்கு மேல் வெள்ளையாக அடைத்திருந்தன. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. ஃபேன் சுவிட்சைச் சுடுதண்ணீரில் வைத்து மீட்டரில் பார்த்தோம், ஒட்டவே இல்லை. இத்தனையும் வைத்துக்கொண்டுதான் அன்று குடும்பத்தோடு தொப்பூர் ஏறியிருக்கிறேன்.

சேலத்து எஞ்சினுக்குக் கேஜோடு போனேன். கடைசிவரை பில் தர மாட்டேன் என்றுவிட்டார்கள், சோதிக்காமலே திரும்பினேன். இரண்டாவதாக ஓர் இடத்தில் பில் உண்டு, ஆனால் நடு சிலிண்டர் மற்ற இரண்டைவிட மூன்று கிலோ குறைவு. ஆயில் விட்டும் ஏறவில்லை. ஓசூர்_தரப்பிரிவு தங்கை இங்கே எழுதியதை போனில் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே படித்தேன், வால்வு என்று சொன்னேன், கடைக்காரரும் ஒப்புக்கொண்டார். மூன்றாவதுதான் அமைந்தது. பின்னால் இடிபட்டு உடைக்க வந்த 1997 மாடல் 800, எஃப்8பி, ஒரே ஓனர். மூன்று சிலிண்டரும் அரைக் கிலோ வித்தியாசத்துக்குள். 21,000 கேட்டார்கள், 19,500-க்கு முடிந்தது. ஆர்.சி. நகல், கடிதம், பில் மூன்றும் கொடுத்தார்கள். அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அது வந்ததும் வண்டி வேலை. இறக்கும்போது எதையெல்லாம் புதிதாகப் போட்டுவிடலாம்?

காரிமங்கலம் பட்டறை பதில்:

நல்ல காரியம் செய்தீர்கள். எஞ்சின் தரையில் இருக்கும்போது செய்தால் ஐந்நூறில் முடியும் வேலை, வண்டிக்குள் போன பிறகு ஐயாயிரம் ஆகும். அதனால் டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், க்ராங்க் பின்பக்க ஆயில் சீல், க்ளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். பெல்ட் பார்க்க நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அதன் வயது யாருக்கும் தெரியாது. பிளாக்கின் பக்கத்துத் துளைகளை மூடியிருக்கும் தகட்டு மூடிகளான கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்து வாட்டர் ஜாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், துருவும் சுண்ணாம்பும் இருந்தால் கழுவிவிட்டுப் புது பிளக் அடியுங்கள். மவுண்ட் ரப்பர் மூன்று சிலிண்டர் வண்டிக்கு உயிர். தேய்ந்ததை மாட்டினால் ஐடிலில் கண்ணாடியெல்லாம் நடுங்கும்.

கழற்றும் முன் ஒவ்வொரு வேக்குவம் ட்யூபிலும் வயரிலும் பேப்பர் டேப் ஒட்டி எழுதுங்கள், போனில் படமும் எடுங்கள். க்ளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தப் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்று என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துப் போங்கள். நடு தவறினால் கியர்பாக்ஸ் உள்ளே போகாது, போல்ட்டை முறுக்கி இழுத்தால் கியர்பாக்ஸில் போல்ட் போடும் காது உடையும். டிஸ்ட்ரிபியூட்டர் வயர் மாட்டும்போது ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-2.

முதல் தடவை உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிளக் மூன்றையும் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும் வரை விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஆயில் மேலே ஏறிய பிறகு பிளக் போட்டுக் கிளப்புங்கள். தண்ணீர் விஷயம் இனிமேல் பேச்சே கிடையாது. கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

காவேரிப்பட்டணம்_94, மேலும் ஒரு மாதம் கழித்து:

வண்டி ஓடுகிறது.

எங்கள் வீட்டுப் புளியமரத்துக் கிளையில் செயின் பிளாக் கட்டி, கியர்பாக்ஸோடு சேர்த்துத் தூக்கினோம். மெக்கானிக், நான், என் மாமா பையன் மூவர். இறக்க ஒரு நாள், ஏற்ற இரண்டரை நாள். காரிமங்கலத்து ஷாஃப்ட் இல்லாவிட்டால் இன்னொரு நாள் ஆகியிருக்கும். கோர் பிளக் எடுத்துப் பார்த்தபோது உள்ளே துரு லேசாக இருந்தது, சுண்ணாம்பு இல்லை. ரேடியேட்டர் புதிது போட்டேன். தெர்மோஸ்டாட், ஃபேன் சுவிட்ச், மூடி எல்லாம் புதிது. எஞ்சின் விலை சேர்த்து மொத்தம் 41,000 ஆகிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை.

பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்தபோது ஆயில் லைட் அணைய நாங்கள் நினைத்ததைவிட நேரம் எடுத்தது, எல்லோர் முகமும் மாறிவிட்டது. அணைந்ததும் பிளக் போட்டு, சோக் இழுத்து, இரண்டாவது அடியில் பிடித்துக்கொண்டது. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் எலுமிச்சம்பழம் எடுத்துவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

பதினொன்றாம் நாள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துவிட்டேன். ஆய்வாளர் பிளாக்கில் நம்பரைப் பார்த்துப் பென்சிலில் பதிவெடுத்தார். ஆர்.சி.யில் புது நம்பர் ஏறிவிட்டது, இன்சூரன்ஸிலும் மாற்றிவிட்டேன்.

முதல் 500 கிலோமீட்டர் ஊருக்குள்ளும் கிருஷ்ணகிரி வரையும் மட்டும் ஓட்டினேன், ஆயில் மாற்றினேன். போன ஞாயிற்றுக்கிழமை சேலம் போய்த் திரும்பினேன், வேண்டுமென்றே மதியம் இரண்டு மணிக்குத் தொப்பூர் அடிவாரத்தில் இருக்கும்படி. அன்றைக்குப் போலவே லாரிகள், இரண்டாவது கியர். முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியது, ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது, முள் பாதிக்கே திரும்பியது. மேலே வரும்வரை மூன்று முறை அப்படி. ஏற்றம் முடிந்ததும் ஓரம் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் கீழே குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசிவு இல்லை.

இனி பின்சீட்டுதான் பாக்கி. கூடை ஏற்றி ஏற்றி ரெக்ஸின் கிழிந்திருக்கிறது. அப்பா போட்ட அதே பழுப்பு நிறத்தில் தைக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய மாதிரி தையல் போடத் தெரிந்தவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், யாருக்காவது தெரியுமா?